லைசன் அப்பாவின் ரிம்

லைசன் எனக்குத் தரவேண்டியது எண்ணூற்றைம்பது குவாச்சா. அவன் என் மனைவி நசிபேகோவின் தம்பி. தன் சைக்கிளின் ஃபோர்க் முறிந்துபோனதால் என்னுடையதை இரவல் வாங்கினான்; இரண்டு மூட்டைக் கரியை ஏற்றிப் பள்ளத்தில் விட்டு, பின்சக்கர ரிம்மைப் பிளந்துவிட்டான். புது ரிம்மின் விலைதான் அந்தக் கடன். பெண்வீட்டு ஊரில் குடியிருப்பவன் நான். மச்சினனிடம் முறைத்துக்கொண்டு கடன் கேட்க எங்களில் வழக்கமில்லை. கேலி பேசித்தான் கேட்கவேண்டும்.

நசிபேகோவுக்கு நாள் நெருங்கியிருந்தது. முதல் பிள்ளை வழியிலேயே பிறந்து இறந்ததால், இம்முறை முன்கூட்டியே போய் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும். என் சைக்கிள் கேரியரைத் தவிர வேறு வண்டியில்லை.

சலிமா சந்தையிலிருந்து லைசன் ஒரு ரிம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"மச்சான், கடன் முடிஞ்சுது. இனி என்னைப் பாத்தா எழுந்து நில்லு."

துளைகளை எண்ணினேன். முப்பத்திரண்டு.

"பின்சக்கரத்துக்கு நாப்பது வேணும்டா. இது முன்சக்கர ரிம். கழுத்துல மாட்டிக்க, அழகா இருக்கும்."

இடுப்பைப் பிடித்தபடி நசிபேகோ முற்றத்தில் உட்கார்ந்தாள். "பேசிட்டே இருங்க. நான் இங்கயே பெத்துப் போடுறேன்."

லைசன் தன் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் பளபளக்கும் ரிம். ஜோபர்க் தங்கச் சுரங்கத்தில் உழைத்த அவன் அப்பா கொண்டுவந்தது. ஃபோர்க் முறிந்து, ஹப்பும் தேய்ந்துபோன லைசனின் சைக்கிளில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். ஞாயிறுதோறும் சாம்பல் போட்டுத் துலக்குவான்.

"வேண்டாம்டா, அது உங்கப்பா சொத்து."

"அவரு பொண்ணுதானே மச்சான் போறா?"

பிளந்த ரிம்மோடு அதை ஒட்டவைத்து, ட்யூப் பட்டையால் கட்டினோம். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்துத் துளைக்கு மாற்றினோம். அப்படி மாற்றினால் கம்பிகளின் பின்னல் குழம்பாது. பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சட்டத்தில் கரித்துண்டைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினேன். கரி உரசிய இடத்தில் லைசன் கம்பியை முறுக்கினான். கோட்டம் போனது.

இப்போது ஆஸ்பத்திரிப் பாதையெல்லாம் மோட்டார் சைக்கிள்கள். மூட்டை சுமந்து ஓய்ந்த உடம்போடு ஓரமாக ஒதுங்கி நிற்கும்போது, அன்று கேரியரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடிவந்த லைசனை நினைத்துக்கொள்வேன். சக்கரம் துளியும் ஆடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு வாரத்தில் பெண் பிறந்தாள். பார்க்க வந்த லைசன் கையை நீட்டினான். "என் ரிம் ஆயிரத்து ஐந்நூறு பெறும். மீதியை வை."

என்னிடமிருந்தது பாதி தின்ற சுட்ட சோளக்கதிர். கொடுத்தேன்.

புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தான். "கஞ்சப்பய மச்சான். போ, தீர்ந்துச்சு."