அப்பா போட்ட ஃபோன்

முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: லிஃப்ட் அவ்வளவு சுலபத்தில் அறுந்து விழாது. ஒரு கயிறு போனால் மற்ற கயிறுகள் தாங்கும். எல்லாமே போனாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஏறப் பயப்படுகிறவர்களிடம் இதைச் சலிக்காமல் சொல்லி ஏற்றி அனுப்புவார். சொந்த மகள் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தத் தைரியமெல்லாம் எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

மகளுக்கு இருபத்தாறு வயது. அவருக்கு இன்னமும் பாப்பாதான். தான் பராமரிக்கும் கட்டடத்திலேயே, ஐந்தாவது மாடி அலுவலகத்தில், யார் யாரிடமோ சொல்லி அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். மதியமானால் அந்த மாடியில் லிஃப்டுக்குக் கட்டாயம் ஏதாவது கோளாறு வந்துவிடும். ஸ்பேனர் பையோடு எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்பார். கூட வேலை செய்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி அடிக்கடி சொல்லுவாள்: "அவளை இடுப்புலேருந்து இறக்கி விடுங்க. உங்களுக்குத்தான் முதுகு போயிடும்."

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று வயதில் கடும் ஜுரத்தில் பாப்பாவுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. அவர் மடியில் வைத்துதான். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. ஜுரத்தில் சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அப்புறம் வரவும் இல்லை. ஆனால் கண் செருகிய அந்த முகம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக அவள் சொன்னாள். "அப்பா, நான் கிரேன் ஓட்டப் போறேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான்ப்பா. துறைமுகத்துல கப்பல்லேருந்து பெட்டி இறக்குற கிரேன். பயிற்சிப் பள்ளியில எடுத்துக்கிட்டாங்க. முன்னாடியே சொன்னா விடமாட்டீங்கன்னுதான் சொல்லல."

"எவ்வளவு உயரம்?"

"ஒரு பன்னெண்டு மாடி இருக்கும்."

"இப்ப இருக்குற வேலைக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்ல. அது நீங்க பாத்து வச்ச வேலை. இது நானே பாத்தது."

மறுநாள் மொட்டை மாடி மெஷின் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பயிற்சிப் பள்ளிக்கு ஃபோன் போட்டார். மகள் பெயரைச் சொல்லி, அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது என்றார். எந்த வயதில் என்று சொல்லவில்லை. பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கையிலிருந்த கிரீஸைப் பழைய வேட்டித்துணியில் துடைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. வலிப்பு நோய் இருப்பதாகத் தகவல் கிடைத்ததால் இடம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இரண்டே வரி.

"அம்மா, எனக்கு வலிப்பு இருக்கா?" என்று கேட்டாள் மகள். அவளுக்கு அந்தக் கதையே தெரியாது.

"மூணு வயசுல, ஜுரத்துல ஒரு தடவை. அதோட சரி."

"பின்ன இவங்களுக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரியில ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா? எங்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

மனைவி கணவரைப் பார்த்தாள். புரிந்துபோயிற்று. அதை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

அவள் அழுவாள், சண்டை போடுவாள், நாலு நாளில் ஆறிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நடந்தது வேறு. பாப்பா பயந்துபோனாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவள் கைப்பிடியை விடாமல் ஏறினாள். ரோட்டைத் தாண்டுமுன் நின்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாலாம் நாள் காலை குளிக்கப் போகும்போது, "அம்மா, தாழ்ப்பாள் போடல. அப்பப்ப ஒரு குரல் குடு," என்றாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்து வைத்தார். இத்தனை வருஷம் தான் சுமந்துகொண்டிருந்த பயத்தை இப்போது அவள் தலையில் தூக்கி வைத்தாயிற்று. குளியலறைக்கு வெளியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஈரத் தலையோடு அவள் வெளியே வந்தாள்.

"பாப்பா, உனக்கு ஒண்ணும் இல்ல. ஃபோன் பண்ணிச் சொன்னது நான்தான்."

அவள் தலை துவட்டுவதை நிறுத்தினாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நாலு நாளா செத்துச் செத்துப் பொழைச்சேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் லீவு சொல்லிவிட்டுப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். பயிற்சியாளர் ஓர் அம்மாள். ஆரஞ்சுச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். இவர் நடந்ததையெல்லாம் கைப்பட எழுதி அந்த அம்மாள் முன்னால் வைத்தார்.

அம்மாள் படித்துவிட்டு, "எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க சார்," என்றார். "உங்க கடுதாசி இருக்கட்டும். ஆனா நரம்பு டாக்டர்கிட்ட சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. உங்க பொண்ணு வரட்டும். நீங்க வர வேணாம்."

டாக்டரிடம் போகும் அன்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்."

அன்று முழுக்க ஒரே லிஃப்ட் கதவு உருளையை மூன்று முறை கழற்றி மாட்டினார். சாயங்காலம் அவள் சர்ட்டிஃபிகேட்டை அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இடம் திரும்பக் கிடைத்தது. பயிற்சி நடந்த ஆறு மாதமும் மகள் அவரோடு தேவைக்குத்தான் பேசினாள். என்ன, ஏது என்று அவரும் துருவவில்லை. பேச்சு வாய்வரை வந்து நிற்கும்போதெல்லாம் மனைவி அவர் கையை ஓர் அழுத்து அழுத்துவாள்.

பயிற்சி முடிந்தபோது இரண்டு இடத்திலிருந்து வேலை வந்தது. ஒன்று பக்கத்திலேயே, கட்டடம் கட்டுமிடத்தில் கிரேன் வேலை. இன்னொன்று ஒரு நாள் பயண தூரத்தில், பெரிய துறைமுகம். இரண்டு தாளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

பக்கத்து வேலை என்று சொல்ல நாக்குத் துடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?"

"தூரத்துல இருக்கறது."

"அப்ப அதுதான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இதைச் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாப்பா?"

"கொஞ்ச நஞ்சமா?" என்றார். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

பஸ் ஏறும் அன்று பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையை நீட்டினாள்.

"ஒரு மாசம் கழிச்சு வாங்கப்பா. நான் ஓட்டறதைப் பாக்கலாம். கீழ நின்னுதான் பாக்கணும், மேல ஏறி வரக் கூடாது."

"நீ கூப்பிடு. அப்புறம் வரேன்," என்றார் அவர்.