முப்பத்தொன்பது சூப்பரும் ஒரு சீட்டும்

ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஒரு துண்டுச் சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தார் கணக்கு ஆசிரியர் வில்பிரட். பாடம் எப்படி நடக்கிறது என்று பெயர் போடாமல் எழுதித் தரும்படி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பை யாருக்குக் கொடுப்பது என்று தலைமையாசிரியை முடிவு செய்வாராம். அந்தப் பத்தாம் வகுப்புக்காக வில்பிரட் பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்.

நாற்பது சீட்டில் முப்பத்தொன்பது 'சூப்பர் சார்'. ஒன்றில் மட்டும், 'சார் நடத்துவது புரியவில்லை. கேட்டால் திட்டுவார்' என்று இருந்தது.

"எவனோ டியூஷன்காரன் சொல்லிக் கொடுத்து எழுத வச்சிருக்கான் மேடம். எனக்கு வேட்டு வைக்கத்தான்."

"பேர் வேணாம்னு சொல்லித்தானே சார் வாங்கினோம்? விட்டுடுங்க," என்றார் சாவித்ரி டீச்சர்.

இந்த அம்மாவுக்கும் பத்தாம் வகுப்பின் மேல் ஒரு கண்ணோ என்று அவர் மீதும் சந்தேகம் வந்தது வில்பிரட்டுக்கு. சந்தேகம் வந்துவிட்டால் மனுஷனுக்குப் பசிகூட எடுக்காது.

சீட்டில் புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் குட்டி வட்டம் போட்டிருந்தது. அது போதாதா? நாற்பது கணக்கு நோட்டையும் அள்ளிவந்து வரிவரியாகத் தேடினார். வழக்கமாகக் கடைசி விடையைப் பார்த்துச் சிவப்பு மையில் டிக் அடித்து அடுத்த நோட்டுக்குப் போகிறவர், அன்றுதான் நடுவில் இருப்பதைப் படித்தார்.

பத்துப் பன்னிரண்டு நோட்டுக்குப் பிறகு கை நின்றது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. அடைப்புக்குறியை எடுக்கும்போது கழித்தல் குறியை யாரும் மாற்றவில்லை. விடையை மட்டும் கரும்பலகையைப் பார்த்துச் சரியாக எழுதியிருந்தார்கள். கீழே அவருடைய டிக்.

முப்பத்தோராவது நோட்டில் குட்டி வட்டங்கள் கிடைத்தன. இஃப்ராவைக் கூப்பிட்டார்.

"நீ எழுதினதா?"

"ஆமா சார். அத்தாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிடாதீங்க சார்."

"உனக்கு மட்டும்தான் புரியலையா?"

"யாருக்குமே புரியல சார். நீங்க கையெழுத்த வச்சுக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்து எல்லாரும் சூப்பர்னு எழுதிட்டாங்க. பேர் வேணாம்னு சொன்னத நான் மட்டும்தான் நம்பிட்டேன்."

வில்பிரட்டுக்கு வெட்கமாகிவிட்டது. "நீ கிளாசுக்குப் போம்மா. நாளைக்கு அந்தக் கணக்கை முதல்லேர்ந்து போடலாம். எங்க புரியலையோ அங்க நிறுத்து," என்றார்.

பிறகு அந்தச் சீட்டை மற்ற சீட்டுகளுக்கெல்லாம் மேலே வைத்துக் கட்டி, தலைமையாசிரியையின் அறைக்குக் கிளம்பினார்.

"சார், பத்தாம் கிளாஸ் போயிடுமே?" என்றார் சாவித்ரி டீச்சர்.

"போனாப் போகட்டும் மேடம். யார் எழுதினதுன்னு தேடினேனே, என்ன எழுதியிருக்குன்னு படிச்சேனா? புள்ளைங்க பயப்படாம புரியலன்னு சொல்ற கிளாஸ்லதான் பாடம் நடக்கும். இத்தனை நாளா நான் எனக்கே நடத்திக்கிட்டு இருந்திருக்கேன்."