பகலில் சாத்தாத ஜன்னல்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு என் தகப்பனார் வைத்தது இரண்டே ஜன்னல்கள். இரண்டும் ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு முழ அகலம். தெருவில் போகிறவன் கண் எங்கள் வீட்டுப் பெண்கள்மேல் படக்கூடாது என்பது அவர் சட்டம். முப்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானும் அதை மாற்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் மின்வெட்டு வந்தது. என் மகன் சுந்தர்சிங்கின் மனைவி ஜெபசெல்வி அந்த அறையில்தான் தையல் மெஷின் வைத்திருந்தாள். பகலிலும் பல்பு எரிந்தால்தான் அங்கே ஊசியில் நூல் கோக்க முடியும். தைக்க வந்த ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா மெஷினை வித்துர வேண்டியதுதான்" என்றாள்.

அந்தச் சமயத்தில் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. பகலில் விளக்கும் மின்விசிறியும் தேவைப்படாதபடி, பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் பெரிய ஜன்னல் வைப்பவர்களுக்கு அந்த ஆண்டு வீட்டு வரியில் பாதி தள்ளுபடி.

"தள்ளுபடி கேட்டு நிக்குத குடும்பமா நாம?" என்றேன்.

"நாம எதுக்கு நிக்கணும் மாமா? அவுகளே வந்து அளந்துட்டுப் போவாக. எதுத்த வீட்டு வில்பிரட் அண்ணாச்சி நாலடி ஜன்னல் வச்சாச்சு."

நான் ஐந்தடியில் இரண்டு தேக்கு ஜன்னல் வைத்தேன். தகப்பனார் சட்டப்படி, வைத்த அன்றே இரண்டையும் சாத்தித் தாழும் போட்டேன்.

நகராட்சி ஓவர்சியர் ஆறுமுகநயினார் வந்து நாடா பிடித்து அளந்தார். ஒரு தாளை நீட்டினார். பகல் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைப்பதாக உறுதிமொழி. பேனா என் கையில் அப்படியே நின்றது.

"போட்டுருங்க மாமா" என்றாள் ஜெபசெல்வி. "அவுக போனதும் சாத்திக்கிடுவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

"ஏளா! எழுதிக் குடுத்துட்டு ஏமாத்துத வம்சமா இது?"

கையெழுத்தைப் போட்டேன். நானே எழுந்து போய் இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்தேன். கடல் காற்று உள்ளே புகுந்து ஓவர்சியரின் தாள்களை வாரி இறைத்தது. குனிந்து பொறுக்கும்போது பார்த்தேன். ஜெபசெல்வி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அவள் என்னை எதில் மடக்கினாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மீன் கூடையோடு போன ஹில்டா நின்று எட்டிப் பார்த்தாள்.

"வாத்தியாரையா, இது வீடா? இத்தன வருசமா உப்பு மூட்டை அடுக்குத கிட்டங்கின்னுல்லா நெனச்சேன்!"

ஓவர்சியர் சிரித்துவிட்டார். நானும்தான்.

"ஏளா செல்வி, எனக்கும் ஒரு ஜாக்கெட்டு தையி" என்று ஹில்டா அங்கேயே நின்று அளவு கொடுத்தாள்.

அன்று மாலைவரை மெஷின் ஓடியது, பல்பு இல்லாமல்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு ஜன்னல்களைத் திறப்பவன் நான்தான். வேறு யாரையும் தாழில் கை வைக்க விடுவதில்லை. கையெழுத்து என்னுடையது.