ஈரச்சுவரின் டிரம்மர்

அந்தக் குழுவில் மூன்றே பேர். அக்கா பாடுவாள், கிட்டார் வாசிப்பாள். அவள் புருஷன் டிரம்ஸ். தம்பி பேஸ் கிட்டார். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் பெயரே லிஃப்ட்தான். தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டினான். நிகழ்ச்சி இருக்கிற சனி, ஞாயிறுகளில் வேனின் கடைசி வரிசைச் சீட்டுகளைக் கழற்றிவிட்டு டிரம்ஸ் பெட்டிகளை ஏற்றுவார்கள்.

பயிற்சியெல்லாம் ஒரு டயர் கடையின் பின்னறையில். அங்கே ஒரு பக்கச் சுவர் எந்தக் காலத்திலும் காயாது. சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தவர் குழுவின் பெயரை ஃபோனில் கேட்டபோது, தம்பி அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஈரச்சுவர்' என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். நன்றாக இல்லை என்று மூன்று பேருமே நினைத்தார்கள். மாற்றுவதற்குள் சுவரொட்டி அடித்தாகிவிட்டது.

முதல் ஆல்பத்தை அதே அறையில், இரவல் மைக்குகளை வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரு பாட்டின் நடுவில் முன்கடையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். ஒரு சின்ன வானொலியில் நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போய், வாரா வாரம் போட்டாள். பத்திரிகையில் 'மாற்று ராக் குழு' என்று எழுதினார்கள். அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தம்பியிடம் கேட்டாள்: "எதுக்குடா மாத்து? அசல் எங்க போச்சு?"



பிறகு ஓர் இசை நிறுவனம் தேடி வந்தது. இரண்டாவது ஆல்பத்துக்கு உண்மையான ஸ்டுடியோ கிடைத்தது; கூடவே ஒரு தயாரிப்பாளர். அதிர்ந்து பேசாத மனிதர். பதிவு முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து மூன்று பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். டிரம்ஸின் வேகம் பாட்டின் போக்கில் ஏறி இறங்குகிறது, மேடையில் அது அழகு, பதிவில் கேட்கிறவனுக்குக் கால் இடறுகிறது என்றார். அந்த மூன்றுக்கு மட்டும் வேறொரு டிரம்மரை வைத்து வாசிக்கவிடலாமா என்று கேட்டார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து, லிஃப்ட் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தானும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கே பட்டது. சம்மதித்தாள். தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

"மாமாகிட்ட சொல்லிடுக்கா" என்றான் தம்பி.

சொல்கிறேன் என்றாள். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் நினைத்தாள், நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் ஆல்பம் அச்சாகி வீட்டுக்கே வந்துவிட்டது.

லிஃப்ட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டான். அவள் எதிரே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தவன் ஒயரை நிதானமாகச் சுருட்டி வைத்தான்.

"மூணு பாட்டுல என் கை இல்ல."

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்" என்றாள் அவள்.

அவன் எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினான்.

ஆல்பம் நன்றாகப் போனது. அதிலும் அந்த மூன்றில் ஒன்றைத்தான் எல்லா மேடையிலும் கேட்டார்கள். முகம் தெரியாத ஒருவன் வாசித்ததை லிஃப்ட் உட்கார்ந்து பாடம் பண்ணினான். டயர் கடை அறையில் ஹெட்ஃபோனும் கையுமாக, சரியாக வரும்வரை விடவில்லை. மேடையில் அதை அச்சு அசலாக வாசித்தான். கூட்டம் ஆடியது. வீட்டிலோ பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, என்ன காய்கறி வாங்குவது, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதோடு நின்றது. சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. வந்திருந்தால் தேவலை என்று தம்பிக்குத் தோன்றும்.

கடைசியில் இரண்டு பேரும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிரிந்துவிடப் போகிறோம் என்றார்கள். ஊர் ஊராக நிகழ்ச்சிகளுக்கு ஒப்புக்கொண்டிருந்த சமயம் அது.

"அப்ப குழு?" என்றான் தம்பி.

"அதுல நீயும்தானே இருக்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் எப்படி முடிவு பண்றது?" என்றாள் அக்கா.

லிஃப்ட் சொன்னான்: "வேன் எப்ப கிளம்புதுன்னு மட்டும் சொல்லு. வந்துடறேன்."

சொன்னபடி வந்தான். முன்பெல்லாம் அக்காவின் பக்கத்தில் உட்காருகிறவன், இப்போது முன்னால் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். தம்பிக்கு வேறொரு சங்கடம். இனி அக்காவின் புருஷனாக இல்லாத ஒருவரை எப்படிக் கூப்பிடுவது? பாதி வழி 'இந்தாங்க', 'கேளுங்க' என்றே ஓட்டினான். பெட்ரோல் போட்டுக் கிளம்பியபோது, "மாமா, அந்தத் தண்ணிய எடுங்க" என்று பழக்கத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லிஃப்ட் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். "அப்படியே கூப்பிடு. வேற எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

பின்னாலிருந்து அக்கா, அப்படிக் கூப்பிடுவதில் தனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை என்றாள். கொஞ்ச தூரம் போனதும் யாருக்காவது பசிக்கிறதா என்று கேட்டாள்.

மூன்றாவது ஆல்பம் வந்தபோது, பிரிவின் வலியைப் பாடியிருக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். உண்மையில் பாதிப் பாட்டுகள் மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்களைப் பற்றியவை. வலியோ கண்ணாடியோ, அது விற்கவில்லை. நிறுவனம் மரியாதையாக ஒரு ஃபோன் செய்து கழற்றிவிட்டது. மூவரும் அவரவர் வேலைக்கு முழுநேரமாகத் திரும்பினார்கள். பயிற்சி மட்டும் தொடர்ந்தது.

லிஃப்ட் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். பெண் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்ப்பவள். கல்யாணத்தில் ஈரச்சுவர்தான் வாசித்தது. மாப்பிள்ளையே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு டிரம்ஸில் உட்கார்ந்தான். தம்பியின் அம்மா புதுப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "காதுக்குப் பஞ்சு வாங்கி வச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சில வருஷம் கழித்து நிறுவனம் இரண்டாவது ஆல்பத்தை மறுபடி வெளியிட விரும்பியது. அன்று பயிற்சிக்கு அக்கா சீக்கிரமே வந்திருந்தாள். லிஃப்ட் டிரம்ஸின் தோலை முறுக்கிக்கொண்டிருந்தான். அந்த மூன்று பாட்டையும் அவனை வைத்துத் திரும்பப் பதிவு செய்யலாம் என்றாள்.

அவன் இன்னொரு திருகையும் முறுக்கினான். "வேணாம். நல்லா அடிச்சிருக்கான் அவன். எனக்கு அப்படித் தோணியிருக்காது. அவன் பேர அட்டைல போடச் சொல்லு, இதுவரைக்கும் போடவே இல்ல."

"சரி."

"அன்னைக்கே நீ சொல்லியிருந்தா குதிச்சிருப்பேன். குதிச்சு முடிச்சுட்டு சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"அது எனக்குத் தெரியல" என்றாள்.

"எனக்கும் அப்பத் தெரியாது."

தம்பி உள்ளே வந்தபோது இருவரும் ஆம்பிளிஃபயரின் பிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கண் சிவந்திருந்தது. அவன் பேஸ் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டான்.

நான்காவது ஆல்பத்தை யாரும் வேண்டுமென்று கேட்காமலே, தங்கள் கைக்காசில் போட்டார்கள். அதில் முதல் முறையாகத் தம்பியும் ஒரு பாட்டு எழுதிப் பாடினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நூலகத்தின் கூடத்தில் வெளியீடு. மடக்கு நாற்காலிகளில் பாதி நிறைந்திருந்தன. தன் பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவனுக்கு வரி மறந்துபோனது. கை வாசித்துக்கொண்டிருந்தது, வாய் வரவில்லை. அக்கா கிட்டாரில் அதே இடத்தை மறுபடி பிடித்தாள். லிஃப்டும் அதே சுற்றுக்குத் திரும்பினான். இருவரும் தம்பியின் பக்கம் பார்க்கவில்லை. ஒரு சுற்று போனது, இன்னொன்றும் போனது. கூட்டம் அதுவும் பாட்டுதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

நான்காவது சுற்றில் வரி ஞாபகம் வந்தது. பாடத் தொடங்கினான்.