ஐஸ் உடைக்கப் போனவர்கள்

ராஜ்மோகன் சாரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் ஒரு விதி உண்டு. இன்டர்வியூவில் எந்தக் கேள்வி வந்தாலும் பதிலை ஓர் இடியத்தில், அதாவது மரபுத்தொடரில், தொடங்கி இன்னோர் இடியத்தில் முடிக்க வேண்டும். "சாதா இங்கிலீஷ் எல்லாருந்தான் பேசுறான். இடியம் போட்டுப் பேசுனாத்தாம்மா படிச்ச புள்ளைன்னு நம்புவான்" என்பார். காலையில் அவர் ஒவ்வொன்றாக வீச, நாங்கள் அர்த்தத்தைக் கத்துவோம்.

"பீட்டிங் அரவுண்ட் தி புஷ்!"

"விஷயத்துக்கு வராம சுத்தி வளைக்கிறது!"

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்!"

"எப்பவாவது ஒரு தடவை!"

"பிரேக் தி ஐஸ்!"

"புது ஆளுங்ககிட்ட தயக்கம் போகப் பேச ஆரம்பிக்கிறது!"

"எங்க பட்டினத்துல மீன் பெட்டிக்குத்தான் புள்ள ஐஸ் ஒடைப்பாங்க. அதுக்காவது கூலி உண்டு" என்று நௌஷின் என் காதில் சொல்வாள். அவள் திருமலைராயன்பட்டினம், நான் போலகம். ஒரே பஸ்.

என் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். நான் படிப்பை முடித்து இரண்டு வருஷமாகியும் வேலை கிடைக்கவில்லை. "பொண்ணைப் படிக்க வச்சு என்னத்தைக் கண்டே பாலகுரு?" என்று தெருவில் அவரைக் கேட்காத ஆளில்லை. அவர் பதிலே சொல்ல மாட்டார். எனக்கு எரிவது அதுதான். அதனால் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை இருக்கிறது, ஒரே ஒரு இடம் என்று கேள்விப்பட்டதும், அதை யாருக்கும் விடக்கூடாது என்று நினைத்தேன். நௌஷினும் அதையேதான் நினைத்திருப்பாள்.

இன்டர்வியூ அன்று கம்பெனியின் மாடி வராண்டாவில் உட்கார வைத்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் சென்டர்தான். அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

முதலில் அல்லி போனாள். "ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், லெட் மி பிரேக் தி ஐஸ்" என்றாள். அடுத்துப் போன செம்பியனும் அப்படியே தொடங்கினான். அதற்கடுத்து நௌஷின் தொடங்கியபோது உள்ளே சிரிப்புக் கேட்டது.

கோபமாக வந்து கத்தும் லாரி டிரைவரை எப்படிச் சமாளிப்பாய் என்று மூவரிடமும் கேட்டார்கள். மூவரும் "ஐ வில் கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்" என்றார்கள். ஒரே முயற்சியில் இரண்டு காரியத்தை முடிப்பது என்று அர்த்தம். டிரைவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? யாரும் யோசிக்கவில்லை. நானும் அதைத்தான் தயாராக வைத்திருந்தேன். செம்பியனிடம், "எந்தப் பறவை தம்பி?" என்று கேட்டு வேறு சிரித்தார்கள். அவன் "சாரி சார்" என்றான்.

நௌஷின் முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தாள். "கடைசியா 'வீ வில் கீப் யூ இன் தி லூப்'னாரு புள்ள. நம்ம சார் சொல்லிக் குடுத்ததுதான். அப்பப்ப தகவல் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இரு, வாப்பாவுக்கு போன் பண்ணிட்டு வரேன்."

"அல்லிகிட்டயும் அதானடி சொன்னாங்க?"

"ரெண்டு பேரையும் எடுப்பாங்களா இருக்கும். ஒனக்கென்ன?"

என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மேனேஜர் இளையபெருமாளும், பக்கத்தில் ஓர் அம்மாவும் இருந்தார்கள்.

"நீங்களும் அந்த சென்டரா?"

"ஆமா சார்."

"அப்ப ஒடைங்கம்மா ஐஸை" என்றார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாய்வரை வந்துவிட்ட இடியத்தை விழுங்கினேன். டிரைவர் கேள்வி வந்தது. எனக்குத் தெரிந்த சாதா இங்கிலீஷில் சொன்னேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்பேன். இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்து, உள்ளதைச் சொல்வேன். கொள்முதல் நிலையத்தில் என் அப்பா நெல் மூட்டையோடு நாள் கணக்கில் கிடப்பார். ஒரே ஒரு தடவைதான் கத்தியிருக்கிறார். காக்க வைத்ததற்காக அல்ல. எப்போது எடை போடுவோம் என்று யாரும் சொல்லாததற்காக.

சிரிப்பு நின்றது. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குட். யூ ஹிட் தி நெயில் ஆன் தி ஹெட்." மிகச் சரியாகச் சொன்னாய் என்று அர்த்தம். வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன். அடுத்து, "வீ வில் கீப் யூ இன் தி லூப்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. "சார், வேலை உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்றார் அந்த அம்மா.

"டிரைவர் கேட்டா உள்ளதைச் சொல்லணும்னு சொன்னதுக்குத்தானே இப்ப 'குட்'னு சொன்னீங்க?"

மேனேஜர் பேனாவை மூடினார். அதற்கப்புறம் அவருக்கு இங்கிலீஷே வரவில்லை. "போன வாரமே ஆள் சேந்தாச்சும்மா. இன்டர்வியூ வச்சதா ஹெட் ஆபீசுக்குக் காட்டணும். அதான். ஒன்னைய மாதிரி பொண்ணுதான் வேணும், ஆனா இடம் இல்லை."

"அதை வாசல்ல எழுதிப் போட்டுருக்கலாமே சார்? நாங்க பஸ் ஏறி வந்துருக்க மாட்டோமே."

அவர் மணியை அடித்தார்.

வராண்டாவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "வேலை இல்லை. போன வாரமே ஆளை எடுத்துட்டாங்க. அந்த லூப்பு கீப்பெல்லாம் இல்லைன்னு சொல்றதுக்குத்தான்."

நௌஷின் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

"ஒனக்கு இல்லைன்னுருப்பாரு. நீ வாயாடியிருப்பே" என்றாள் அல்லி.

"ஆடுனேன். அதனாலதான் தெரிஞ்சுது."

அடுத்தது ஹரிஹரன். போன மாதம்தான் சென்டரில் சேர்ந்தவன். "எனக்கு இருக்குற சான்ஸையும் கெடுக்காதீங்கக்கா" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

நானும் நௌஷினும் படி இறங்கினோம். "வாப்பாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள்.

"இல்லைன்னு சொல்லு. நானும் எங்கப்பாகிட்ட அதைத்தான் சொல்லப் போறேன்."

மேலே கதவிடுக்கில் ஹரிஹரனின் குரல் கேட்டது. "குட் மார்னிங் சார். ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், லெட் மி பிரேக் தி ஐஸ்." உள்ளே அதே சிரிப்பு.

நௌஷின் என் கையைப் பிடித்தாள். "பஸ் போயிடும் புள்ள."

"அடுத்த பஸ்ல போவோம்" என்று திரும்ப ஏறினேன். சாத்தாத கதவுதான், லேசாகத் தள்ளியதும் திறந்துகொண்டது.

"சார், தம்பிகிட்டயும் சொல்லிடுங்க. வெளியில இருக்குறவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நான் நிக்கிறேன்."