நிழலில் காய்ந்தது

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் தங்கச்செல்வி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி மங்கியது. உள்ளே அவள் புருஷன் வீரபத்திரன் தாடைக்கட்டோடு கிடந்தார்.

பொல்லாத நாக்கு அவருக்கு. பரளச்சியில் இருபது வருஷமாக நெல்லிக்காய்ப் பொடி போட்டவர். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தால் போதும், நிழலில் காய்ந்ததா வெயிலில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். வெயில் பட்டால் நிறம் கறுத்துவிடும், புளிப்புக்குப் பின்னால் வருகிற இனிப்பு செத்துவிடும் என்பார். மருந்துக்கடைச் சரக்கு என்பதால் எட்டு நாள் ஆனாலும் கொட்டகை நிழல்தான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் நிழலைத் தேடி அலைகிற மனுஷன் என்று ஊரே கேலி பேசும். அவளும் பேசியிருக்கிறாள்.

கடைசி லோடை நறுக்கிப் பரப்பிய அன்றைக்குத்தான் அவர் விழுந்தார். அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் அலைந்ததில் வேளாவேளைக்குக் கிண்டிவிட ஆளில்லை. துண்டுகள் பூசணம் பிடிக்கப் பார்த்தன. பயந்துபோய் அத்தனையையும் மொட்டைமாடியில் கொட்டினாள். இரண்டே வெயிலில் கலகலவென்று காய்ந்துவிட்டது. அரைத்தபோது பொடி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

இனி வீட்டில் வைத்தே பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட பிறகு, அவர் முதலில் கேட்டது அந்தப் பொடியைத்தான். நிறம் தெரியாமலிருக்கத் தேனில் குழைத்து ஊட்டினாள்.

“நெழல்ல காஞ்சதுதானே?”

“ஆமாங்க.”

வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கு தங்கம்.”

நோய் அந்த நாக்கையும் தின்றுவிட்டதே என்று அடுப்படியில் போய் அழுதாள். மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார். சாகக் கிடந்த மனுஷனை, அதுவும் ருசி தெரியாமல் போன நேரம் பார்த்து ஏமாற்றிவிட்டோமே என்பதுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மதியத்துக்கு மேல் அருப்புக்கோட்டையிலிருந்து அழகுராஜா மாலையோடு வந்தார். பொடியை வாங்கி மருந்துக்கடைகளுக்குக் கொடுப்பவர். மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்தார். அவளே முந்திக்கொண்டு, உள்ளே இருக்கிற சரக்கை எடுக்க வேண்டாம் என்று மெல்லச் சொன்னாள்.

“தெரியும் மதினி. முந்தாநாளே அண்ணே போன் போட்டாக. பேச்சே சரியா வரல. ‘இந்த லோடு மருந்துக்கு ஆகாதுலே, தலைக்குத் தேய்க்கிற பொடிக்குத் தள்ளிவிட்ரு. நாந்தான் அவசரப்பட்டு வெயில்ல போடச் சொல்லிட்டேன். அவகிட்ட ஒண்ணும் கேட்டுறாத’ன்னாக.”

கண்ணாடி மங்கிக்கொண்டு வந்தது. தங்கச்செல்விக்குத் துடைக்கத் தோன்றவில்லை.

குளிப்பாட்டி வெளியே கிடத்தியதும் தாடைக்கட்டைத் தளர்த்திவிட்டு வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். தங்கச்செல்வி கையில் அள்ளிய அரிசியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். அதில் கிடந்த ஒரு சிறு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அவருக்கு ஊட்டினாள்.