கரையேறாத பயணி

செங்கம் ரோட்டில் சக்கரபாணி நடத்திய டிராவல்ஸில் சகாதேவன் வேன் ஓட்டினான். மலையடி ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை ராமேஸ்வரத்தில் இலங்கைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விடுவதும், திரும்புகிறவர்களை அழைத்து வருவதும் அவன் வேலை. எண்பத்து நாலாம் வருஷம் மே மாதக் கடைசியில் ஹென்றி என்கிற இங்கிலாந்துக்காரரை ஏற்றிப் போனான். கொழும்பில் அவருடைய தங்கை இறந்திருந்தாள். மனைவி மார்கரெட் இடுப்பெலும்பு முறிந்து ஆசிரமத்தருகே வாடகை அறையில் படுத்திருந்தாள்.

"திரும்பி வர விசா வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹென்றி கிளம்பினார்.

"உங்க நாட்டுக்காரங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? பாஸ்போர்ட் போதும்" என்றார் சக்கரபாணி. அன்றைக்கு அது உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து சகாதேவன் துறைமுக இரும்புக் கேட்டருகே காத்திருந்தான். கொட்டகைக்குள் ஹென்றி அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மேஜையிலிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். ஹென்றியை மறுபடி கப்பல் பக்கமே கூட்டிப் போனார்கள்.

"என்ன சார் ஆச்சு?" என்று கேட்டிலிருந்த காவலரிடம் பதறினான் சகாதேவன்.

"புது உத்தரவு. பஞ்சாப் கலவரத்துக்கப்புறம் இங்கிலாந்துக்காரங்களுக்கும் விசா வேணும். இல்லேன்னா வந்த கப்பல்லயே அனுப்பணும்."

"அவரு சம்சாரம் எழுந்து நிக்க முடியாம கீறாங்க சார்!"

"நான் கேட்ல நிக்கறவன்ப்பா. என்னால என்ன முடியும்?"

ஹென்றி திரும்பி ஏதோ கத்தினார். காற்றில் மனைவி பெயர் மட்டும் கேட்டது.

காலி வேனோடு ஊர் திரும்பிய சகாதேவன் மார்கரெட்டிடம் தலைகுனிந்தபடி சொன்னான். "வந்தாருங்கம்மா. என் கண்ணால பார்த்தேன். ஊருக்குள்ள விடல."

"எப்படி இருந்தார்?" என்றாள் அவள், தனக்குத் தெரிந்த தமிழில்.

"எளைச்சிருந்தாருங்க."

சக்கரபாணி வேலூர் கலெக்டருக்கும் மெட்ராஸ் அதிகாரிகளுக்கும் மனு எழுதினார். பதில் இல்லை. விசாவுக்கு எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது என்று கொழும்பிலிருந்து ஹென்றியின் தந்தி வந்தது. பதிவு செய்திருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பயணத்தை ரத்து செய்தார்கள். பிறகு இலங்கையில் சண்டை முற்றிக் கப்பலே நின்றது.

"யாரைப் போய்க் கேக்கறது சகாதேவா? வேனை வித்துடறேன். நீ வேற எடம் பார்த்துக்கோ" என்றார் சக்கரபாணி.

லண்டனுக்குப் போய்விடு, நானும் அங்கே வருகிறேன் என்று ஹென்றி மனைவிக்கு எழுதியிருந்தார். மலையடியிலேயே கண்மூட வந்தவள் அவள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அவளைப் பலகையில் படுக்கவைத்துக் கொண்டுபோனதுதான் சகாதேவனின் கடைசி சவாரி.

மலையைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க, ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஜன்னல் அவள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒற்றை ஆளாக அவளைத் தூக்க அவனால் முடியவில்லை.

"மலை தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுதுங்கம்மா. உச்சியில மேகம் கீது" என்றான். வண்டியைக் கிளப்பினான்.